தச்சருக்கு இடம் கொடுத்த சுவாமியார்

யூபிலி மலர் என்றால் கோவில் கட்டிய சுவாமிமார்களின் பெயர்களும், அடிக்கல் நாட்டிய நாளும், மணிக்கூண்டுக்கும் பீடத்துக்கும் உபயம் செய்தவர்களின் பட்டியலும் இடம்பெறுவது மரபு. அவை இடம்பெற வேண்டியவையே. ஆனால் ஒரு சுவாமியார் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எதையும் கட்டாமல், தம் பொறுப்பிலிருந்த ஓர் அறையைத் திறந்துவிட்டதனால் மட்டும் உண்டான நன்மை மலர்களில் ஏறுவது அபூர்வம். அத்தகைய வரலாறு ஒன்றை இங்கே எழுத முற்படுகிறோம். அது நம் தாம்பரத்தில் நடந்ததன்று. அமெரிக்காவின் மேற்குக் கரையில் சியாட்டில் நகரில் நடந்தது. ஆயினும் அதன் ஆணிவேர் நமக்கு அருகே புதுச்சேரியில் இருக்கிறது. அதன் கனி ஒன்றையும் நம் மாநிலத்திலேயே, விழுப்புரம் மாவட்டத்தில், இன்று சென்று பார்க்கலாம். ஆகையால் இதை அந்நியர் கதை என்று தள்ளிவிடாமல் படிக்குமாறு பங்கு மக்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

சேலையூர், செம்பாக்கம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் என்று நம்மைச் சுற்றியுள்ள ஊர்களில் தச்சுத்தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் பலவற்றை நாம் அறிவோம். நாம் சொல்ல வருவது கடையில் அடுக்கிவைத்து விற்பவர்களைப் பற்றியன்று. வீட்டுக்கு வந்து அளவெடுத்து, மரம் பார்த்து வாங்கி, நிலை, கதவு, கட்டில், அலமாரி, ஊஞ்சல் என்று கேட்டவர் கேட்டபடி செய்து கொடுக்கிறவர்களைப் பற்றியே பேசுகிறோம். இந்தத் தொழிலில் முதல் இரண்டு ஆண்டுகளே பொல்லாதவை என்று அவர்களே சொல்வார்கள். கை வேலை தெரியும். உளி, இழைப்புளி, ரம்பம், கொட்டாப்புளி, மூலைமட்டம் எல்லாம் ஓரளவு சேர்ந்திருக்கும். இடம்தான் இராது. வாடகை வீட்டில் ரம்பம் ஓட்டினால் சத்தத்துக்கும் தூசிக்கும் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள். மரம் வாங்க முன்பணம் வேண்டும். முன்பணம் தருகிறவரோ, செய்துவைத்த சாமான் ஒன்றையாவது பார்த்தால்தான் பையை அவிழ்ப்பார். சாமான் செய்ய மரம் வேண்டும், மரம் வாங்கப் பணம் வேண்டும், பணம் வரச் சாமான் வேண்டும். இந்தச் செக்கைச் சுற்றிச் சுற்றியே பல நல்ல கைகள் கடைசியில் பிறரிடம் நாள்கூலிக்குப் போய்விட்டன.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

ஜார்ஜ் நாகாஷிமா என்பவர் ஜப்பானிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு, 1905-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போக்கேன் என்னும் ஊரில் பிறந்தார். முதலில் வனவியல் படித்து, பின்பு கட்டடக்கலைக்கு மாறினார். பட்டம் பெற்ற பின் கப்பலேறி உலகைச் சுற்றினார். பாரிசில் சிலகாலம் இருந்துவிட்டு, 1934-இல் டோக்கியோ சென்று, அங்கே அலுவலகம் வைத்திருந்த அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டடக்கலைஞரிடம் சேர்ந்தார். ரேமண்ட் பொகீமியாவில் பிறந்தவர். அமெரிக்காவின் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் டோக்கியோவில் இம்பீரியல் ஓட்டலைக் கட்ட வந்தபோது உதவியாளராக வந்து அங்கேயே தங்கிவிட்டவர். ஜப்பானிய மலையூரான கரூயிசாவாவில் ரேமண்ட் கட்டிய புனித பவுல் கத்தோலிக்கக் கோவிலின் வேலையிலும் நாகாஷிமா பங்குகொண்டார். மரத்தாலான சிறிய கோவில் அது. இன்றும் பார்ப்பவர் மனத்தைக் கவர்கிறது.

அக்காலத்தில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தார் தங்கள் சாதகர்களுக்கு ஒரு விடுதி கட்ட விரும்பி ரேமண்டை நாடினார்கள். பணம் கொடுத்தவர் ஐதராபாத் சமஸ்தானத்தின் சர் அக்பர் ஐதாரி. அதனால் கட்டடத்துக்குக் கோல்கொண்டா என்று பெயர் வந்தது. மேற்பார்வைக்கு ரேமண்ட் அனுப்பிவைத்தவர் நாகாஷிமா. அவர் வந்து சேர்ந்த ஆண்டு 1937. (சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு நம் தாம்பரத்துக் காட்டுக்குள் குடிவந்ததும் அதே ஆண்டுதான் என்பதை இங்கே குறித்துவைப்பதில் தவறில்லை.) புதுச்சேரி வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் ஏற்றபடி, சுவருக்குப் பதிலாகத் திறந்து மூடும் அகன்ற பலகைகளை வெளிப்புறம் அடுக்கி, உட்புறம் தேக்கு மரக் கதவுகளைச் சட்டம் சட்டமாக இடைவெளி விட்டு அமைத்தார்கள். கதவை மூடினாலும் காற்று வரும், பார்வை போகாது. கான்கிரீட் கலந்து சுமந்தவர்களில் பலர் கூலியாட்கள் அல்லர், ஆசிரமத்துச் சாதகர்கள். பக்தர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கதவுக் கைப்பிடிகளும் கொண்டிகளும் வார்த்தார்கள்.

நாகாஷிமா சம்பளத்துக்கு வந்தவர். வந்த சில காலத்துக்குள் சம்பளத்தை விட்டுவிட்டுத் தாமும் ஆசிரமவாசியானார். சுந்தரானந்தர் என்ற பெயரும் அங்கே பெற்றார். நமக்கு முக்கியமானது என்னவென்றால், அந்த விடுதி அறைகளுக்கான மரச்சாமான்களையும் அவரே வரைந்து செய்வித்தார். அவர் பிற்காலத்தில் செய்த ஆயிரக்கணக்கான நாற்காலி, மேசைகளுக்கெல்லாம் முதல் வரிசை, நம் கோரமண்டல் கரையில், தேக்கு மரத்தில், நம் நாட்டுத் தச்சர்கள் கையோடு கை சேர்த்துச் செய்ததாகும். இதை எழுதும்போது நமக்குச் சற்றுப் பெருமை உண்டாவதை மறைப்பானேன்?

1939-இல் போர் மூண்ட சமயத்தில் அவர் புதுச்சேரியை விட்டு ஜப்பான் சென்று, 1940-இல் அமெரிக்கா திரும்பினார். டோக்கியோவில் அறிமுகமான மேரியன் ஒகாஜிமா என்ற பெண்ணை 1941 பிப்ரவரி 14 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் மணந்தார். அதற்கு முன்னரே அவர் மனத்தில் ஒரு தீர்மானம் உறுதிப்பட்டிருந்தது. கலிபோர்னியாவில் பெரிய பெயர் பெற்ற கட்டடங்களைச் சுற்றிப் பார்த்தார். வரைபடத்தில் அழகாக இருந்தவை வேலைத்தரத்தில் மோசமாக இருக்கக் கண்டு மனம் வெறுத்தார். வரைகிறவர் ஒருவர், கட்டுகிறவர் வேறொருவர் என்றால் இப்படித்தான் ஆகும் என்று தோன்றியது. தொடக்கம் முதல் முடிவு வரை தம் ஒரே கையால் செய்து முடிக்கக்கூடிய தொழில் எது என்று யோசித்து, தச்சுத்தொழிலைத் தேர்ந்துகொண்டார். வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. உயர்ந்த பட்டங்கள் கையில் இருந்தன. புது மனைவி. கையில் பணம் இல்லை, பட்டறை இல்லை, அவர் சாமான்களைக் கேட்டு வருவார் யாரும் இல்லை. நம் வீட்டுப் பிள்ளை இப்படி ஒரு முடிவெடுத்தால் நாம் என்ன சொல்லியிருப்போம் என்பதை அவரவர் மனச்சாட்சிக்கே விடுகிறோம்.

அந்த வேளையில்தான் லெயோபோல்ட் திபேசார் சுவாமியார் வருகிறார்.

திபேசார் சுவாமியார் மேரிநோல் சபைக் குரு. அந்தச் சபை வேதபோதக வேலைக்கென 1911-இல் அமெரிக்காவில் நிறுவப்பெற்றது. சியாட்டிலில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தாருக்காக அச்சபையார் நடத்திய பங்குக்கு அவர் பொறுப்பாயிருந்தார். அங்கே சிறுவர்களுக்கென ஒரு மன்றம் உண்டு. அந்த மன்றத்தின் நிலவறையில் நாகாஷிமா பட்டறை வைத்துக்கொள்ள சுவாமியார் இடம் கொடுத்தார். வாடகை கிடையாது. பதிலுக்கு ஒரே ஒரு கடமை: மன்றத்துப் பையன்களுக்குத் தச்சுவேலை கற்றுத்தர வேண்டும்.

இவ்வளவுதான் செய்தி. ஒரே பத்தியில் முடிந்துவிட்டது. ஆனால் இதைச் சற்று நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

சுவாமியார் கொடுத்தது பணமன்று. பணம் கொடுத்திருந்தால் அது மரத்துக்கும் வாடகைக்குமாக மூன்று மாதத்தில் தீர்ந்திருக்கும். கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே ஒரு கூச்சமும் மிஞ்சியிருக்கும். அவர் கொடுத்தது சும்மா கிடந்த இடம். சத்தம் போட்டாலும் கேட்பார் இல்லாத நிலவறை. அதோடு, பெற்றவர் தலைநிமிர்ந்து நிற்கும்படி ஒரு கைம்மாறும் வகுத்தார். நாகாஷிமா அங்கே தருமத்துக்கு ஒதுங்கியவர் அல்லர்; பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். பையன்களுக்கோ அது வெறும் பொழுதுபோக்கன்று. எதிரே ஒரு பெரியவர் உண்மையான வாடிக்கையாளருக்கு உண்மையான மேசை செய்துகொண்டிருக்க, பக்கத்தில் நின்று உளி பிடிக்கப் பழகுகிறார்கள். கைத்தொழில் அப்படித்தான் கைமாறும். கரும்பலகையில் எழுதிப்போட்டு வராது. மேலும் ஒன்று. அந்த ஊரில் முன்பின் அறியாத ஒருவரை ஒரு பங்குச் சுவாமி தம் கட்டடத்துக்குள் வைத்திருக்கிறார் என்றால், அதுவே நூறு விளம்பரத்துக்குச் சமம்.

இது சுவாமியாரின் சொந்தக் கண்டுபிடிப்பன்று என்பதையும் சொல்லவேண்டும். திருச்சபையில் இதற்கு நீண்ட வழக்கம் உண்டு. இத்தாலியில் தூரின் நகரில் புனித தொன் போஸ்கோ, வேலை கற்கப் போகும் ஏழைப் பையன்களுக்காக முதலாளிகளோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்தார். அவற்றுள் இன்றுவரை பேசப்படுவது 1852 பிப்ரவரி 8-ஆம் நாள் முத்திரைத்தாளில் எழுதப்பட்ட ஒரு தச்சு ஒப்பந்தம். ஜுசெப்பே பெர்த்தோலினோ என்ற தச்சு மேஸ்திரி, ஜுசெப்பே ஒடாஸ்ஸோ என்ற பையனை இரண்டு ஆண்டுகள் வைத்துத் தொழில் கற்றுத்தர வேண்டும். தொழில் சம்பந்தமான வேலை தவிர வேறு எடுபிடி வேலை வாங்கக்கூடாது. தவறு செய்தால் சொல்லால் திருத்தலாமேயன்றிக் கை ஓங்கக்கூடாது. திருநாட்களில் பையனை விட்டுவிட வேண்டும். பையனின் தந்தையும் தொன் போஸ்கோவும் அதில் சம்பந்தப்பட்டுக் கையொப்பமிட்டார்கள். கொஞ்ச காலத்தில் தொன் போஸ்கோ தம் இல்லத்துக்குள்ளேயே பட்டறைகள் தொடங்கினார். 1853-இல் செருப்பும் தையலும், 1856-இல் தச்சு. அவருடைய சபையார் 1906 ஜனவரியில் தஞ்சாவூரில் வந்து இறங்கியபோது நம் நாட்டுக்கும் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தியதையும் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். ஆண்டுதோறும் சூசையப்பர் சுரூபத்துக்கு மாலை சாத்துகிறோம். அவர் கையிலுள்ள மூலைமட்டத்தை எத்தனை பேர் கவனித்துப் பார்க்கிறோம்?

இதையெல்லாம் இப்போது எடுத்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. யூபிலி விழாச் செலவு போக ஏதேனும் மிஞ்சினால் என்ன செய்வது என்று பங்கில் பேச்சு நடக்கிறது. அலங்கார வளைவு கட்ட வேண்டும் என்பார் ஒரு சாரார். மண்டபத்துக்குக் குளிர்சாதனம் என்பார் மற்றொரு சாரார். கோவிலுக்குப் பின்னால் பழைய பெஞ்சுகளும் சப்பரக் கட்டைகளும் போட்டுவைத்திருக்கும் ஓட்டுக்கொட்டகையை இடித்து வண்டி நிறுத்த இடமாக்கலாம் என்றும் ஒரு யோசனை. எங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறோம்: அந்தக் கொட்டகைக்கு ஒரு மின் இணைப்பும், வாசலுக்கு ஒரு பூட்டும் கொடுத்து, தொழில் தெரிந்த ஒரு பங்குப் பிள்ளைக்கு இரண்டு ஆண்டு விட்டுப் பார்க்கலாம். சனிக்கிழமை பிற்பகல் நான்கு பையன்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. தச்சுக்கு இனி எதிர்காலம் இல்லை, எல்லாம் ரெடிமேடாக வந்துவிட்டது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் எழும்பும் அடுக்கு மாடி வீடுகளில் சமையலறை அலமாரி செய்யத் தொலைதூர வடமாநிலங்களிலிருந்து தச்சர்கள் வந்து தங்கி வேலை செய்கிறார்கள். வேலை இருப்பதனால்தானே வருகிறார்கள்?

சியாட்டில் பட்டறைக்குத் திரும்புவோம். அது ஓர் ஆண்டுதான் நன்றாக ஓடிற்று. 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பிப்ரவரி 19-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அதன்படி மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தார் ஏறக்குறைய 1,20,000 பேர் வீடு, கடை, தோட்டம் யாவற்றையும் விட்டுவிட்டு முகாம்களுக்குப் போகவேண்டியதாயிற்று. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். நாகாஷிமாவின் மகள் மீரா அப்போது கைக்குழந்தை. பட்டறை பறிபோயிற்று. குடும்பத்தோடு ஐடஹோ மாநிலத்துப் பாலைநிலத்தில் மினிடோகா என்ற முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். காயாத பச்சைப் பலகைகளை வைத்து அவசரத்தில் அடித்த கொட்டில்கள். பலகை காயக் காய இடைவெளி விட்டு, அதன் வழியே தூசி உள்ளே கொட்டியது.

திபேசார் சுவாமியார் சியாட்டிலில் பத்திரமாக இருந்திருக்கலாம். அவர் ஜப்பானியர் அல்லர். அவரோ தம் மக்களைப் பின்தொடர்ந்து மினிடோகாவுக்கே போய் அங்கு அவர்களுக்குப் பூசை வைத்தார். இடம் கொடுத்த மனம் அது என்று புரிந்துகொள்ளலாம்.

முகாமில் நாகாஷிமாவுக்கு இன்னொரு குரு வாய்த்தார். கென்தாரோ ஹிகோகாவா என்பவர் ஜப்பானிய மரபில் முறையாகப் பயின்ற தச்சர். முகாமிலிருந்த வறண்ட கொட்டிலை மனிதர் வாழத்தக்கதாக எப்படி மாற்றலாம் என்று காட்ட ஒரு மாதிரி வீடு செய்யும் வேலை இவர்களுக்குக் கிடைத்தது. கழித்துப்போட்ட துண்டுப் பலகைகளும், பாலைநிலத்துப் புதர்களின் முறுக்கேறிய கட்டைகளுமே சரக்கு. அந்தச் சரக்கில்தான் ஜப்பானிய உளியையும் ரம்பத்தையும் கையாளும் நுட்பம், ஆணியின்றிக் கட்டைக்குள் கட்டை இறங்கிப் பிடிக்கும் பூட்டு வகைகள், அவசரப்படாத பொறுமை ஆகியவற்றை அவர் கற்றார். உலகப் பல்கலைக்கழகங்களில் படித்தவர், பட்டம் இல்லாத ஒரு பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் அரிச்சுவடி கற்றார்! கற்பிக்கப் போன நிலவறையும் கற்கப் போன முகாமும் என்று இரண்டும் சேர்ந்துதான் அவரைத் தச்சராக்கின.

1943-இல் பழைய எசமானர் ரேமண்ட் உதவிக்கு வந்தார். போருக்கு முன்பே ஜப்பானை விட்டுவந்த அவர், பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊரில் பண்ணை வைத்திருந்தார். நாகாஷிமா குடும்பத்துக்குத் தாம் பொறுப்பேற்பதாக அரசுக்கு எழுதிக்கொடுத்து அவர்களை முகாமிலிருந்து வெளியே வரவழைத்தார். அங்கே நாகாஷிமா பார்த்தது கோழிப்பண்ணை வேலை. ரேமண்டைப் பற்றி ஒரு கசப்பான உண்மையையும் மறைக்காமல் எழுதவேண்டும். அதே 1943-இல் அமெரிக்க இராணுவம் தீக்குண்டுகளைச் சோதித்துப் பார்ப்பதற்காக யூட்டா மாநிலத்துப் பாலைவனத்தில் ஜப்பானியத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றை அச்சாக அமைத்தது. அவ்வீடுகளை வரைந்து கொடுத்தவர் ரேமண்ட். ஒரு கையால் ஒரு ஜப்பானியக் குடும்பத்தை மீட்டார். மறு கையால் ஜப்பானிய வீடுகளை எரிக்கும் சோதனைக்கு உதவினார். மனிதர்களை முழு வெள்ளை, முழுக் கறுப்பு என்று பிரித்து எழுதினால் வரலாறு ஆகாது.

போர் முடிந்தபின் நாகாஷிமா அதே நியூ ஹோப்பில் சொந்தமாக வேர் ஊன்றினார். மூன்று ஏக்கர் நிலம். அதற்கும் காசுக்குப் பதில் உழைப்பைக் கொடுத்து ஈடுகட்டினார். கட்டடம் எழும்பும் வரை குடும்பம் கூடாரத்தில் இருந்தது. முதலில் பட்டறை, பிறகுதான் வீடு. 1946-இல் நோல் என்ற பெரிய கம்பெனியார் அவருடைய சில வடிவங்களை வாங்கித் தொழிற்சாலையில் செய்து விற்றார்கள். அந்த ஒப்பந்தத்திலும், அதே சாமான்களைத் தம் பட்டறையில் கையால் செய்யும் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கம்பெனி வருமானம் வந்தாலும் அவர் மனம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே செய்வதிலேயே நின்றது.

அவர் தொழில் செய்த விதம் நம் தச்சர்களுக்குச் சுவையாக இருக்கும். அறுத்த பலகைகளை ஒரு மரத்தினது ஒரே கட்டாக, அறுத்த வரிசை கலையாமல், அடுக்கிக் காயவைப்பார். ஆர்டர் கொடுக்க வருகிறவரைக் கிடங்குக்கு அழைத்துச் சென்று பலகையைக் காட்டுவார். இன்னாருக்கு இந்தப் பலகை என்று முடிவானதும் அதன் அடிப்பக்கத்தில் அவர் பெயரை எழுதிவைப்பார். சாமான் முடிந்த பின்னும் அந்த எழுத்து அங்கே இருக்கும். பலகையில் வெடிப்பு இருந்தால் மெழுகும் தூளும் அடைத்து மறைப்பதில்லை. வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு கட்டையைக் குறுக்கே பதித்து வெடிப்பு மேலும் விரியாமல் கட்டுவார். வெடிப்பு வெடிப்பாகவே தெரியும். மேசை விளிம்பையும் நேராக அறுக்காமல், மரம் நின்றபோது இருந்த வளைவோடு அப்படியே விட்டுவிடுவார். இந்தக் கடைசி முறை நம் ஊரில் அப்படியே செல்லாது. தேக்கில் வைரம் பாயாத வெளிப்பகுதியை விட்டுவைத்தால் கரையானும் வண்டும் பார்த்துக்கொண்டிராது. நம் ஆசாரிமார் அதைச் செதுக்கித் தள்ளுவது அறியாமையால் அன்று, அனுபவத்தால்.

அவரைத் தேடி வந்தவர்களில் பெரும் செல்வந்தர்களும் உண்டு. 1973-இல் நெல்சன் ராக்பெல்லர் தம் வீட்டுக்காக இருநூறுக்கு மேற்பட்ட சாமான்களுக்கு ஆர்டர் கொடுத்தார். ஆனால் எங்கள் மனத்தில் தங்கியது வேறொரு ஆர்டர். பிரின்ஸ்டன் ஊரைச் சேர்ந்த ஒரு தம்பதியர் பல ஆண்டுகளாக அவரிடமே வாங்கிச் சேர்த்த நூற்றுக்கு மேற்பட்ட சாமான்கள் 1989-இல் வீட்டோடு தீக்கிரையாயின. நாகாஷிமாவுக்கு வயது எண்பத்து நான்கு. எல்லாவற்றையும் மறுபடி செய்து தருவதாக வாக்களித்தார். மறு ஆண்டு ஜூன் மாதம் 15-ஆம் நாள் அவர் காலமானார். வாக்கை நிறைவேற்றியவர் மகள் மீரா, மினிடோகா முகாமுக்குக் கைக்குழந்தையாகத் தூக்கிச் செல்லப்பட்ட அதே மீரா. தந்தைக்குப் பின் பட்டறையை ஏற்று நடத்தியவரும் அவரே.

நாகாஷிமா கத்தோலிக்கராகவும் வாழ்ந்தார். புதுச்சேரியில் பெற்றதையும் அவர் உதறிவிடவில்லை. தம்மை இந்து, கத்தோலிக்கர், ஜப்பானியர், அமெரிக்கர் என்று எல்லாம் சேர்த்தே சொல்லிக்கொள்வார். இதைப் படித்துச் சிலர் முகம் சுளிக்கலாம். அவர் கைவேலைக்கு அதனால் குறைவொன்றும் நேரவில்லை. ஜப்பானில் கியோத்தோ நகரின் கத்சூரா பகுதியில் 1965-இல் எழுந்த கத்தோலிக்கக் கோவிலும், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைநிலத்தில் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடத்துக் கோவிலும் அவர் வரைந்தவை. 1964-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் அழைப்பின்பேரில் மீண்டும் நம் நாட்டுக்கு வந்து, அங்குள்ள தச்சர்களுக்காகச் சாமான்கள் வரைந்து கொடுத்தார்.

முதுமையில் அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. நூற்றாண்டுகள் கண்ட பிரமாண்டமான வால்நட் மரம் ஒன்று கைக்கு வந்தது. அதன் பலகைகளைக் கொண்டு கண்டத்துக்கு ஒன்றாகச் சமாதானப் பீடங்கள் செய்ய வேண்டும் என்று எண்ணினார். முதலாவது 1986-ஆம் ஆண்டின் கடைசி இரவில் நியூயார்க்கில் புனித யோவான் பேராலயத்தில் அர்ப்பணிக்கப்பட்டது. ஆசியாவுக்கென்று செய்யப்பட்டது, அவர் மறைவுக்குப் பின், 1996-இல் ஆரோவில் வந்து சேர்ந்தது. அவர் முதல் நாற்காலி செய்த புதுச்சேரியிலிருந்து சில மைல் தூரந்தான்.

தாம்பரத்தில் காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்கு முன் ஆரோவில் போய்விடலாம். புதுச்சேரியில் கோல்கொண்டா இன்றும் ஆசிரம விடுதியாகவே இருக்கிறது. முன்கூட்டி அனுமதி பெறாமல் உள்ளே விடமாட்டார்கள் என்பதைப் போகிறவர்கள் நினைவில் கொள்க. பங்கின் தச்சர் குடும்பங்களை ஒரு நாள் அங்கே கூட்டிப்போகலாம் என்று இளைஞர் மன்றத்தாரிடம் சொல்லியிருக்கிறோம். மற்றவர்கள் மேசையைச் சுற்றி நின்று பார்ப்பார்கள். நம் ஆசாரிமார் முதல் வேலையாகத் தரையில் குந்தி, அடியில் கால் எப்படிப் பூட்டியிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள்.